கத்தியும் கேள்வியும்: நவால் எல் சதாவியின் நூல் பற்றிய ஒரு நோக்கு

எகிப்திய வைத்தியரும் எழுத்தாளருமான நவால் எல் சதாவி (1931–2021), 'பெண்ணும் பாலியலும்' என்ற நூலின் விளைவாக 1972இல் சுகாதார அமைச்சில் வகித்த பதவியை இழந்தவர். 1977இல் அவர் அரபியில் வெளியிட்ட நூலின் தலைப்பு அரபுப் பெண்ணின் வெற்று முகத்தைச் சுட்டுவது. 1980இல் வந்த ஆங்கிலப் பதிப்போ 'ஏவாளின் மறைந்த முகம்' எனப் பெயர் பெற்றது. மூலத்தில் வெளிப்பட்ட முகம் மொழிபெயர்ப்பில் மறைந்துகொண்டது போலும்!

ஆறு வயதில் தாம் பெண்ணுறுப்புச் சிதைப்புக்கு ஆளானதையும், சூழ நின்ற பெண்களிடையே தம் தாயையே கண்டதையும் நூலின் தொடக்கத்தில் ஆசிரியர் விவரிக்கின்றார். வாசகர் மனதில் ஆழப்பதிவது அப்பகுதியே. எனினும் நூலின் வலிமை அதனைத் தொடரும் பக்கங்களிலேயே தங்கியுள்ளது என்பது எமது கருத்து. அங்கே அவர் பாதிக்கப்பட்டவர் மாத்திரமல்லர். கேள்வி கேட்கும் வைத்தியருமாவார். 160 பெண்களிடையே அவர் நடாத்திய ஆய்வில், கல்வியறிவற்ற குடும்பங்களில் 97.5 வீதமானவற்றிலும், கற்ற குடும்பங்களில் 66.2 வீதமானவற்றிலும் இவ்வழக்கம் நிலவியது. கல்வி பரவ வழக்கம் தானே மறையும் என நம்பும் முற்போக்காளராகிய நாம் இரண்டாவது எண்ணில் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும்.

பிற்கால எகிப்து அவ்வெண்ணின் பொருளை வேறொரு வகையிற் காட்டிற்று. 1994இல், கைரோ மக்கள்தொகை மாநாட்டை அடுத்து, அரச வைத்தியசாலைகளில் இச்செயலைப் புரியச் சுகாதார அமைச்சு அனுமதியளித்தது. வழக்கத்தை மதித்து ஆபத்தைக் குறைத்தல் என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1996இல் தடை வந்தது. 2008இல் சட்டம் அதனைக் குற்றமாக்கிற்று. இடைக்காலத்தில் கத்தி மருத்துவிச்சியின் கையிலிருந்து கற்ற வைத்தியரின் கைக்குப் பெருமளவு மாறியிருந்தது. பண்பாட்டை மதிக்கும் வைத்தியம் என்பது இதுவாயின், அது பண்பாட்டின் பெயரால் நிகழும் சேவகமேயன்றி வேறன்று.

இதனை வேறுபடுத்திக் காட்டச் சூடானிலும் சோமாலியாவிலும் வழங்கும் கடுமையான முறையை நோக்கலாம். அங்கு உறுப்பு வெட்டப்பட்டுத் தைத்து மூடப்படுகின்றது. மகப்பேற்றின்போது அதனைத் திறத்தல் வேண்டும். பின்னர் மீண்டும் தைக்குமாறு குடும்பத்தினர் கேட்பதுமுண்டு. அவ்வாறு தைத்தலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆனால் மறுப்பதோடு வைத்தியரின் கடன் முடிந்துவிடுவதில்லை. திறந்தபின் சிறுநீர் விரைந்து வெளியேறும்; ஆண்டாண்டாக மெதுவாகக் கழித்துப் பழகிய பெண் தனக்கேதோ கெட்டுவிட்டதென அஞ்சுவாள். அதனைப் பிரசவத்துக்கு முன்னரே, அவளுடைய மொழியில், கணவனோ மாமியோ இல்லாத தனிமையில் எடுத்துரைத்தல் வேண்டும். பண்பாட்டறிவு பயன்படும் இடம் இதுவே.

சதாவியின் நூலில் இத்தகைய வழிகாட்டலைத் தேடுவோர் ஏமாற்றமடைவர். வழக்கம் ஒழியவேண்டியதன் காரணங்களை அது விரித்துரைக்கும் அளவுக்கு, ஏற்கெனவே அதற்காளானவளைப் பராமரிக்கும் முறையை உரைக்கவில்லை. இது குறையே. ஆயினும் ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில், இவ்வழக்கத்தை வறுமையினின்றும் ஏகாதிபத்தியச் சுரண்டலினின்றும் பிரித்தெடுத்துக் காட்டுமிராண்டித்தனமெனக் காட்சிப்படுத்தும் மேனாட்டாரை அவர் கண்டிப்பது கவனிக்கற்பாலது. காட்சிப்பொருளாக நோக்கப்படுவோமென அஞ்சும் பெண் வைத்தியசாலைப் படியேறத் தயங்குவாள்.