வெள்ளிக் கோளும் ஜேம்ஸ் ஹான்சனும் – ஒரு நோக்கு

விஞ்ஞானி பொதுமேடை ஏறின் அவரது விஞ்ஞானம் பழுதுபடும் என்பர் ஒரு சாரார். அபாயத்தை அறிந்தும் ஏறாதிருத்தலே குற்றம் என்பர் மறுசாரார். ஐக்கிய அமெரிக்காவின் காலநிலை விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சனின் வாழ்வு இவ்விரு கூற்றுக்களுள்ளும் எளிதில் அடங்குவதன்று.

1941 இல் அயோவா மாநிலத்திற் பிறந்த ஹான்சன், அயோவாப் பல்கலைக்கழகத்திற் பௌதிகம் பயின்றவர். அவர் முதலில் ஆராய்ந்தது பூமியையன்று, வெள்ளிக் கோளையே. அக்கோளின் கடும் வெப்பத்தைத் தூசுப்படலமே காத்து நிற்கின்றது என 1967 இல் அவர் வெளியிட்ட கருத்து நிலைக்கவில்லை. அடர்ந்த காபனீரொட்சைட்டு வளிமண்டலமே காரணம் என்பது பின்னர் உறுதிப்பட்டது. எனினும், வெள்ளியின் முகில்களிலிருந்து தெறிக்கும் ஒளியின் முனைவாக்கத்தை நுணுகி ஆராய்ந்து, அம்முகில்கள் சல்பூரிக்கமிலத் துளிகளாலானவை என்ற முடிவுக்கு அவர் அரண் செய்தார். வெள்ளியை நோக்கிய பயனியர் விண்கலத்தின் கருவியொன்றுக்குப் பொறுப்பாயிருந்தவர், 1978 இல் அப்பொறுப்பைத் துறந்து பூமியின் வளிமண்டலத்தைத் தம் துறையாக்கிக்கொண்டார். 1981 முதல் 2013 வரை நாசாவின் கொடார்ட் விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பணிப்பாளராக விளங்கினார்.

1988 யூன் 23 இல் செனற் சபைக் குழுவின் முன் தோன்றி, புவி வெப்பமுறுதல் இயற்கையின் தற்செயல் ஏற்றத்தாழ்வன்று என 99 சதவீத உறுதியுடன் கூறலாம் என்றார். அவரது புகழ் இச்சாட்சியத்தின்மீதே கட்டப்பட்டது. ஆயின் அவரது ஆற்றலை அளப்பதற்கு உகந்தது பிறிதொரு நிகழ்ச்சியாகும். 1991 யூனில் பிலிப்பைன்சின் பினற்றுபோ எரிமலை வெடித்தபோது, புவியின் சராசரி வெப்பநிலை 1992 இறுதியளவில் ஏறத்தாழ 0.5 செல்சியஸ் பாகை தாழும் என அவரது குழுவினர் முற்கூட்டியே அச்சிற் பதித்தனர். பிழைத்திருப்பின் அவரது கணிப்பு மாதிரியே நகைப்புக்கு இடமாகியிருக்கும். பிழைக்கவில்லை. 1988 ஆம் ஆண்டின் எதிர்வுகூறலோ, அதன் நடுத்தர நிலையிற்கூட, நிகழ்ந்ததிலும் சற்று மிகையாகவே அமைந்தது. காபனீரொட்சைட்டு இருமடங்காயின் வெப்பநிலை 4.2 பாகை உயரும் என அம்மாதிரி காட்டியமை அதற்கு ஒரு காரணம். தவறு வெளிப்படக்கூடிய வகையிற் பேசுவதே அவரது அறிவு நேர்மை எனலாம்.

பேரப்பிள்ளைகள் எதிர்கொள்ளவிருக்கும் புயல்களைப் பெயரிற் கொண்டு 2009 இல் வெளிவந்த அவரது நூலில் இந்நேர்மை ஓரிடத்தில் நழுவுகின்றது. நிலக்கரி, எண்ணெய், வாயுவுடன் தார் மணலையும் தார்ப் பாறையையும் எரித்து முடித்தால் பூமி வெள்ளியைப் போலாவது திண்ணம் என்கின்றார். (வேற்றுக்கோளினர் வரும் இறுதிக் கதைப்பகுதியை நீக்கியிருப்பினும் நூலுக்கு இழப்பேதுமில்லை.) அவ்வாண்டிலேயே மேற்கு வேர்ஜீனியாவிலும், 2011 இல் வெள்ளை மாளிகையின் முன்னும் மறியலில் ஈடுபட்டுக் கைதானார். அவரைக் குறைகூறுவோர் இக்கைதுகளையே சுட்டுவர். அவை ஒரு குடிமகனின் செயல்கள். விஞ்ஞானத்துக்கு ஊறு செய்யவில்லை. ஊறு செய்தது "திண்ணம்" என்ற அச்சொல்லே. கடல்மட்ட உயர்வு பற்றிச் சக விஞ்ஞானிகள் அளவுமீறி அடக்கி வாசிப்பதாக 2007 இல் அவர் சுமத்திய குற்றச்சாட்டு நியாயமானது. எனினும், சான்று கடந்த உறுதி அதற்கு மாற்றாகாது.

திருத்தியவரும் அவரே. 2013 இல், மேம்பட்ட கணிப்புக்களின் பின்னர், மனிதர் எரிபொருளால் அத்தகைய நிலை தோன்றாது எனவும், வெள்ளியை ஒத்த நிலைக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் எனவும் எழுதினார். எரிபொருள் யாவும் எரிந்தாற் பூமியின் பெரும்பகுதி மனித வாழ்வுக்கு ஒவ்வாததாகும் என்பதே அவ்வாண்டின் ஆய்வுக்கட்டுரை கண்ட முடிவு. எச்சரிக்கைக்கு அதுவே போதும். 2009 இல் வெள்ளியைத் துணைக்கு அழைத்திருக்க வேண்டியதில்லை.