இறக்கை நுனி தெரியாத விமானி

2011 ஏப்ரல் 11 இரவு. நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்தில் பாரிஸ் செல்லும் ஏ-380 விமானம் ஓடுபாதையை நோக்கித் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தது. தன் நிறுத்துமிடத்திற்குள் நுழையக் காத்திருந்த சிறிய சிஆர்ஜே-700 விமானத்தின் வாலில் அதன் இடது இறக்கை நுனி மோதியது. சிறு விமானம் பொம்மைபோல் திரும்பிவிட்டது. நல்லவேளையாக எவருக்கும் காயமில்லை.

"மெதுவாகத்தானே போயிற்று" என்பார்கள் சிலர். பெரிய விமானத்தின் நிறை 500 டன், வேகம் வினாடிக்கு 8 மீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்கிடுங்கள். இயக்க ஆற்றல் 1.6 கோடி ஜூல்! அதில் சிறு பங்கே போதும். அடி விழுந்ததோ வாலில், சக்கரங்களிலிருந்து வெகு தொலைவில். கதவைக் கீலருகே ஒருமுறையும் கைப்பிடியருகே ஒருமுறையும் தள்ளிப் பாருங்கள், திருப்புத்திறன் விளங்கிவிடும்.

"விமானி கவனித்திருக்க வேண்டும்" என்ற கூற்றை மட்டும் என்னால் முழுதும் ஏற்க இயலவில்லை. இறக்கைகளின் மொத்த அகலம் ஏறத்தாழ 80 மீட்டர். மூக்கில் அமர்ந்திருப்பவருக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனி தெரியாது. இருட்டில், 40 மீட்டருக்கு அப்பால், காணாத நுனி எதையும் உரசாது என்று அவர் ஊகிக்க வேண்டும்! நம் ஊர்க் கார்கள்கூடப் பின்னால் நகரும்போது 'பீப்' என்று எச்சரிக்கின்றன.

இறக்கை நுனி தெரியாத பெரிய விமானங்களில் காமிரா போன்ற மோதல் தடுப்புச் சாதனம் வேண்டுமென்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012இல் பரிந்துரைத்தது. ஆனால் அவ்வாரியம் பரிந்துரைக்கலாமேயன்றி ஆணையிட முடியாது.