தாதியுடையில் வந்த விளம்பரம்

விளம்புதல் என்னும் சொல்லுக்குச் சொல்லுதல், பலரறியச் செய்தல், உணவு பரிமாறுதல் எனப் பல பொருளுண்டு. அரசாங்கம் வெளியிட்ட ஆணையும் முன்னர் விளம்பரமெனவே வழங்கிற்று; கடைக்காரர் தம் சரக்கைப் புகழ்வதும் விளம்பரமே. ஒரு சொல் இரண்டனையும் தாங்கி நிற்றலால், பொதுநல அறிவிப்பு யாது, விற்பனைப் புகழ்ச்சி யாது எனப் பிரித்தறிதல் படிப்போர் கடமையாகின்றது.

இதற்குச் சிங்கப்பூரிலேயே சான்றுண்டு. 1939-ஆம் ஆண்டு அந்நகர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் அம்மையார் ‘பாலும் கொலையும்’ என்ற தலைப்பில் ஒரு சொற்பொழிவாற்றினார். குழந்தை உணவுபற்றிய தவறான பிரசாரத்தால் நேரும் மரணங்களைக் கொலையென்றே கொள்ளல் வேண்டும் என்பது அவர் வாதம். தலைப்பு மிகையென்பார் உளர். நாம் அங்ஙனம் கருதோம். பால் வியாபாரிகள் பெண்களுக்குத் தாதியுடை அணிவித்து வீடுதோறும் அனுப்பி, சர்க்கரையிட்ட டின்பாலே சிறந்ததெனத் தாய்மார்க்கு ஆலோசனை கூறுவித்த காலம் அது. சுவரொட்டியாயின் வியாபாரமென்று அறிந்து தாய் சிறிதேனும் ஐயுறுவாள்; வெள்ளுடையைக் கண்டவள் ஐயுறுவளோ? அப்பாலில் குழந்தைக்கு வேண்டிய உயிர்ச்சத்துக்கள் போதா என்பதையோ, அசுத்த நீரிற் கலக்கின் வயிற்றுப்போக்கு வரும் என்பதையோ, தாய்ப்பால் வற்றியபின் மீட்டல் அரிது என்பதையோ வந்தவள் சொல்லுவாளா? டின்பாலைத் தேநீரிற் கலந்து பருகுவதிற் குற்றமில்லை. ‘எம் சரக்கு, இன்ன விலை’ என்று கடைக்காரர் தம் பெயராற் கூறுவதும் நேர்மையே. இரவல் உடையே இங்குக் குற்றம்.

1981-ஆம் ஆண்டு மே மாதம் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுணவு விற்பனைக்கு ஒரு நெறிமுறை வகுத்தது. அச்சரக்கைப் பொதுமக்களுக்கு விளம்பரஞ் செய்தலாகாது; விற்பனைப் பணியாளர் தாய்மாரை நாடிச் செல்லலாகாது; மாவுப்பால்பற்றிய கல்விப் பிரசுரம் அதன் செலவையும், தவறாகப் பயன்படுத்தின் வரும் கேட்டையும் கூறியேயாக வேண்டும். இக்கடைசி விதியையே நாம் பெரிதும் மதிக்கின்றோம். தன் சரக்குக்குப் பாதகமானதையும் மறையாது கூறுமாயின், அதனை அறிவிப்பென ஒப்பலாம்.

எனினும் அந்நெறிமுறையில் ஓர் ஓட்டையுண்டு. அதிகாரிகளின் இசைவோடு நிறுவனத்தார் நன்கொடையாக அளிக்கும் பிரசுரத்தில் சரக்கின் பெயர் வரலாகாதாம். நிறுவனத்தின் பெயர் வரலாமாம். இரண்டும் ஒரே பெயராயின் இத்தடை என் செய்யும்? குழந்தை வளர்ப்புப்பற்றி இலவசமாகக் கைக்கு வரும் பிரசுரத்தின் பின்னட்டையைத் திருப்பிப் பார்த்து நேயர்களே விடை கூறுக.