மனநோயும் வேலைப் பாதுகாப்பும்

2021 டிசம்பர் 17-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பைச் சட்டம் படித்தவர்கள் மட்டுமன்றி அறிவியல் மாணவர்களும் படித்துப் பார்ப்பது நல்லது. அதில் காரண காரியத் தொடர்பு பற்றிய நல்ல பாடம் ஒன்று உள்ளது.

மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவர் மீது தகாத பேச்சு உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவருக்கு எண்ணச்சுழற்சி நோயும் மனச்சோர்வும் இருந்தன. முன்னது, வேண்டாத எண்ணமே திரும்பத் திரும்ப வந்து ஆளை அலைக்கழிக்கும் நோய். அவருடைய நடத்தைக்கு நோய்தான் காரணமா என்ற கேள்வி எழுந்தது. நோய் ஒன்றே முழுக் காரணம் என்று மெய்ப்பிக்கத் தேவையில்லை, காரணங்களுள் ஒன்றாக இருந்தாலே போதும் என்றது நீதிமன்றம்.

இது சலுகை அன்று, சரியான இயற்பியல். மேசை மீதுள்ள கட்டையை மூன்று கயிறுகள் மூன்று திசைகளில் இழுக்கின்றன, கட்டை நகர்கிறது. எந்தக் கயிறு நகர்த்தியது என்று கேட்டால் முதலாண்டு மாணவரே சிரிப்பார். நகர்த்தியது தொகுபயன் விசை. ஒரு கயிற்றை அறுத்திருந்தால் கட்டையின் பாதை மாறியிருக்கும் என்று மட்டுமே சொல்லலாம். நோய், தூக்கமின்மை, மருந்தின் பக்கவிளைவு, மேலாளரின் ஏச்சு ஆகியவை சேர்ந்து இழுக்கும் மனிதனிடம் மட்டும் ஒற்றைக் காரணம் கேட்பது எப்படிப் பொருந்தும்?

அந்த ஒழுங்கு நடவடிக்கை நீக்கப்பட்டது. தற்போதைய பணிக்கு அவர் பொருந்தாவிட்டால் ஊதியம் குறையாமல் வேறு பணி தரவேண்டும் என்றும், அதில் துப்பாக்கியைக் கையாளும் பொறுப்பைத் தவிர்க்கலாம் என்றும் நீதிபதிகள் கூறினர். பாதுகாப்பையும் மறக்கவில்லை, ஆளையும் கைவிடவில்லை.

குறை தீர்ப்பில் இல்லை, சட்டத்தில் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பாகுபாட்டைப் பொதுவாகத் தடுப்பது உண்மை. ஆனால் பணிக்காலத்தில் நோயுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்னும் 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. அதிலும் அரசு விலக்கு அளிக்கலாம். மேற்படி தீர்ப்புக்கு நான்கு மாதங்கள் முன்பே, 2021 ஆகஸ்டில், மத்திய ஆயுதக் காவல் படைகளின் களப்பணியாளர்கள் அனைவருக்கும் இப்பிரிவு பொருந்தாது என்று அறிவிக்கை வந்துவிட்டது! தனியார் நிறுவனங்களுக்கோ, சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிடுக என்று 21-ஆம் பிரிவு கூறுகிறது. எழுதுவதில் யாருக்கு என்ன சிரமம்?

என்னிடம் பயின்ற ஒருவர் ஒரு தனியார் ஆலையில் இரவு ஷிப்டில் இருந்தார். அவருக்கு இருமுனை மனநோய். அந்நோய் கொண்டோருக்குத் தூக்கம் கெட்டால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். பகல் ஷிப்டு கேட்டு மருத்துவரின் சீட்டைக் காட்டினார். இயந்திரத்தை மாற்ற வேண்டாம், ஆள் கூட்ட வேண்டாம். பெயர்ப் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். அதன்பின் உடன் வேலை செய்தவர்களின் பார்வை மாறியது, மேற்பார்வையாளரின் பேச்சு மாறியது, ஷிப்டு மட்டும் மாறவில்லை. ஒரு மாதத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக’ விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

நோயைச் சொன்னால்தான் மாற்று ஏற்பாடு கேட்க முடியும். சொன்னதால்தான் அவர் வேலையை இழந்தார். இப்போது வேறோர் ஆலையில் இருக்கிறார், பகல் வேலைதான். மாத்திரையைச் சாப்பாட்டுத் தூக்கின் அடித்தட்டில் வைத்து எடுத்துச் செல்கிறாராம்.