திண்டிவனத்தில் கவலையும் இறைநம்பிக்கையும்: மலைப்பொழிவு, சிறுபாணாற்றுப்படை, ஐடா ஸ்கடர் வரலாறு – ஓர் ஒப்பீட்டுத் திறனாய்வு

முன்னுரை

கவலையை விடுத்து இறைவனைச் சார்ந்திருத்தல் கிறித்தவ அறவுரையின் மையக் கூறுகளுள் ஒன்று. மத்தேயு நற்செய்தியின் மலைப்பொழிவில் (6:25–34) இக்கருத்து விரிவாக இடம்பெறுகிறது. இது வறியோரைச் செயலற்றவராக்கும் ஆறுதலா என்னும் வினாவை, விழுப்புரம் மாவட்டத் திண்டிவனத்தோடு தொடர்புடைய இரு சான்றுகளின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

கவலை: சொல்லும் பொருளும்

சங்க இலக்கியத்தில் ‘கவலை’ என்பது கவர்த்த வழியைக் குறிக்கும். திருக்குறளின் ஏழாம் குறள் அச்சொல்லை மனத்தோடு இணைத்து, அதற்குரிய தீர்வை இறைவன் தாளிற் காண்கிறது. மத்தேயுவின் கிரேக்க மூலத்திலுள்ள ‘மெரிம்னாவோ’ என்னும் வினையைப் ‘பகுத்தல்’ என்னும் பொருளுடைய வேரோடு இணைத்து விளக்குவோரும் உளர். இவை கவலையை மனம் பிளவுறும் நிலையாகக் காண இடந்தருகின்றன. பறவைகளையும் காட்டுப்பூக்களையும் சுட்டிய பின், இறையாட்சியையும் நீதியையும் முதலில் நாடுமாறு மலைப்பொழிவு பணிக்கிறது. எனவே விடத்தக்கது உழைப்பன்று, மனப்பிளவே.

ஓய்மானாட்டுப் பசி

ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாவண்ணம் கதவடைத்து உண்ணும் வறுமையைக் காட்டுகிறது. அங்குக் கவலை அறிவுரையால் தீரவில்லை, கொடையால் தீர்கிறது. உணவும் உடையும் பற்றிய மலைப்பொழிவின் சொற்களும் இத்தகைய மாந்தரைத் தொடுவன. ஆகவே, கொடையை மறந்து நம்பிக்கையை மட்டும் வலியுறுத்தும் வாசிப்பு குறையுடையது.

மூன்று மரணங்கள்

ஐடா ஸ்கடர் (1870–1960) தம் தாயின் நோய் காரணமாகத் திண்டிவனம் வந்தபோது மருத்துவப் பணியை விரும்பியவரல்லர். ஓரிரவில் மூன்று ஆடவர், பேறுகாலத் துன்பத்திலிருந்த தம் மனைவியர்க்கு உதவி வேண்டினர். ஆண் மருத்துவரான அவர் தந்தையை ஏற்க மறுத்தனர். விடிவதற்குள் மூவரும் இறந்தனர். அமெரிக்க வாழ்வு, இந்தியப் பணி என்னும் கவர்வழியில் நின்ற ஐடா பின்னதைத் தேர்ந்தார். 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார்.

இவ்வரலாறு பெரும்பாலும் இறையழைப்பின் வெற்றியாகவே கூறப்படுகிறது. அவ்வாறு கூறுகையில், இறந்த மூவரும் பெயரின்றி அழைப்பின் கருவிகளாகச் சுருங்குகின்றனர். அவர்தம் குடும்பத்தாரின் கவலைக்கு அவ்விரவில் விடை கிடைக்கவில்லை என்பதையும் திறனாய்வு பதிவுசெய்தல் வேண்டும்.

முடிவுரை

இறைநம்பிக்கை துயரம் நேராது என்னும் உறுதியன்று. பிளவுற்ற மனத்தை ஒருமுகப்படுத்திப் பிறர் துயர்நோக்கிச் செலுத்தும் ஆற்றல் எனக் கொள்வதே மேற்கண்ட சான்றுகளோடு பொருந்துகிறது. அவ்வாற்றல் நீதியையும் கொடையையும் பிரியும்போது, ‘கவலைப்படாதே’ என்பது வறியோரை வாயடைக்கும் கட்டளையாகிவிடும்.