மூடாத ஒரு 'பி'

பாலட்டினோ எழுத்துருவின் பெரிய 'பி'யை (P) உற்றுப் பாருங்கள். வளைவு கீழே இறங்கி வந்து, தண்டைத் தொடாமல் நின்றுவிடும். அந்தச் சிறு இடைவெளியில் பேனா பிடித்த கை தெரிகிறது. 1940களின் இறுதியில் ஜெர்மனியின் ஹெர்மன் சாஃப் வரைந்த எழுத்துரு இது. பெயர், 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்துக்கலைஞர் ஒருவருடையது. பட்டைமுனைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்தால் கோடு எங்கே தடிக்கும், எங்கே மெலியும் என்பதை அச்சு வெட்டிய ஆகஸ்ட் ரோசன்பெர்கர் உலோகத்திலும் காப்பாற்றினார். எழுத்தின் முனைகளில் இருக்கும் சிறு கோடான செரிஃப்கூட ஒட்டவைத்ததுபோல் இல்லை. பேனா எடுக்கும்போது விழுந்த இழுப்புதான்.

தலைப்புக்கென்று பிறந்தாலும் புத்தகத்தின் உள்பக்கங்களிலும் குடியேறிவிட்டது. எனக்கென்னவோ, கவிதைத் தொகுப்பின் அட்டையில், சுற்றிலும் தாராளமாக வெள்ளை விட்டுப் பெரிதாக வைத்தால்தான் மனசு நிறைகிறது.