சத்திரம் பஸ் ஸ்டாண்டும் "நலம் தரும்" வெளிச்சமும்

எல்.இ.டி. விளக்குகளோட நன்மைகள்னு வர்ற கட்டுரைகள் எல்லாமே ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். கரன்ட் மிச்சமாகும், பொது இடங்கள் பாதுகாப்பாகும், வேலை பார்க்கிற இடத்துல மனுஷங்க உற்சாகமா ஆரோக்கியமா இருப்பாங்க. முதல் விஷயத்தில் எனக்குத் தகராறே இல்லை. ரெண்டாவது பாதி உண்மை. அந்த மூணாவது, "பணியிட நலம்"ங்கிறது எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனதில் கிடைத்தவைதான் இந்தப் பதிவு.

உரசிப் பார்க்க ஒரு இடம் வேணும். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தை எடுத்துக்கலாம். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுசாக் கட்டி 2021 டிசம்பர் கடைசியில் திறந்தது. ஸ்ரீரங்கம் போற ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நிக்கிறவருக்கு அது பொது இடம், பத்து நிமிஷ வேலை. அங்கேயே டீக்கடை வெச்சிருக்கிறவர், பூ கட்டுற அம்மா, டைம் கீப்பர், கண்டக்டர், ராத்திரி கூட்டிப் பெருக்குற தூய்மைப் பணியாளர், இவங்களுக்கு அது பணியிடம், எட்டு மணி நேரம், பத்து மணி நேரம். கட்டுரைகளில் "பொது இடம்" ஒரு பத்தி, "பணியிடம்" வேற பத்தி. பணியிடம்னு வந்ததும் கூடவே ஒரு கண்ணாடிக் கட்டடமும் சுழல் நாற்காலியும் வந்துடும். பஸ் ஸ்டாண்டில் ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழேதான் இருக்கு.

நல்லதை முதல்ல சொல்லிடறேன். குண்டு பல்பு ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 15 லூமன் தரும், நல்ல எல்.இ.டி. 120க்கு மேல. மத்திய அரசோட உஜாலா திட்டம் 2015 ஜனவரியில் ஆரம்பிச்சது. அரசு மொத்தமா கொள்முதல் பண்ணின விலை, 2014ல் ஒரு பல்புக்கு 310 ரூபாயா இருந்தது 2016ல் 38 ரூபாய்க்கு இறங்கிச்சு. அப்புறம் நிறம். பழைய சோடியம் விளக்கு எல்லாத்துக்கும் மஞ்சள் பூசிடும்; சிவப்பு எது, பழுப்பு எதுன்னு தெரியாது. எல்.இ.டி.யில் எதிரே வர்றவரோட முகம் தெரியுது, சட்டை நிறம் தெரியுது, அரளிப் பூ அரளி நிறத்தில் இருக்கு. பொது இடத்துக்கு இது சின்ன லாபம் இல்லை.

சரி, மூணாவதுக்கு வருவோம். "நீலம் கலந்த வெள்ளை வெளிச்சத்தில் ஊழியர்கள் சுறுசுறுப்பாக இருக்கிறார்கள்"னு சொல்றவங்க அடிக்கடி கைகாட்டுற ஆய்வு 2008ல் வந்தது. வியோலாவும் கூட்டாளிகளும் இங்கிலாந்தில் ஒரு அலுவலகத்தோட ரெண்டு தளங்களில் 94 பேரை வெச்சு நடத்தினது. நாலு வாரம் 17,000 கெல்வின் வெளிச்சம், நாலு வாரம் சாதாரண வெள்ளை வெளிச்சம். நீலம் தூக்கலா இருந்த வாரங்களில் மனநிலை, கவனம், ராத்திரித் தூக்கம் எல்லாமே மேம்பட்டதா ஊழியர்கள் சொன்னாங்க.

இதில் கவனிக்க வேண்டியது சில இருக்கு. அந்த விளக்குகள் எல்.இ.டி.யே இல்லை, டியூப்லைட்! 17,000 கெல்வின்ங்கிறது நம்ம கடையில் கிடைக்கிற 6,500 கெல்வின் "கூல் டே லைட்"டைவிட எங்கேயோ மேல. அளந்தது முழுக்கக் கேள்வித்தாள் வழியா. ஆய்வாளர்களில் ஒருத்தர் பிலிப்ஸ் விளக்குப் பிரிவைச் சேர்ந்தவர்; அதனால ஆய்வு பொய்னு ஆகாது, ஆனா படிக்கிறவங்களுக்குத் தெரியணும். எல்லாத்தையும்விட முக்கியம், அது பகல் நேர வேலை. இதிலிருந்து "எல்.இ.டி. போட்டால் பணியிட நலம் கூடும்"னு குதிக்கிறது, ஒரு சர்வரில் ஓடின டெஸ்ட் ரிசல்ட்டை வெச்சு வேற சர்வருக்கு சர்டிஃபிகேட் கொடுக்கிற மாதிரி.

வெளிச்சமும் வேலைத்திறனும் சேர்ந்த ஆராய்ச்சிக்கு இந்த வியாதி பிறவியிலேயே உண்டு. 1924 முதல் 1927 வரை சிகாகோ பக்கத்தில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கோட ஹாதார்ன் தொழிற்சாலையில் விளக்கைக் கூட்டியும் குறைச்சும் உற்பத்தியை அளந்தாங்க. எதைப் பண்ணினாலும் உற்பத்தி ஏறிச்சு, கவனிக்கப்படுறோம்ங்கிற உணர்வுதான் காரணம்னு எம்.பி.ஏ. புத்தகங்கள் இன்னிக்கும் சொல்லும். தொலைஞ்சு போச்சுன்னு நினைச்ச மூலத் தரவை லெவிட், லிஸ்ட்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் தேடிப் பிடிச்சு 2011ல் வெளியிட்டாங்க. விளக்கை மாத்தினதெல்லாம் பெரும்பாலும் ஞாயித்துக்கிழமை. விளக்கை மாத்தினாலும் மாத்தாட்டியும் திங்கக்கிழமை உற்பத்தி கூடத்தான் இருந்திருக்கு. லீவு முடிஞ்சு வந்தவங்க நல்லா வேலை பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்.

அப்போ வெளிச்சத்துக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லையா? நல்லாவே இருக்கு. இங்கதான் நன்மைக் கட்டுரைகள் பாதியில் நிறுத்திடுது. நம்ம விழித்திரையில் பார்க்கிறதுக்கான செல்கள் தவிர, நேரம் சொல்றதுக்குன்னே தனியா சில செல்கள் இருக்கு. 2002 வாக்கில்தான் இது உறுதியாச்சு. அதில் இருக்கிற மெலனாப்சின் 480 நானோமீட்டர் பக்கத்து நீலத்துக்கு அதிகமா துடிக்கும். மூளைக்கு "இன்னும் பகல்தான்"னு தகவல் போகும், தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பு தள்ளிப் போகும். காலை பத்து மணிக்கு இது வரம். ராத்திரி பதினொண்ணுக்கு இதே வெளிச்சம் தலைகீழ். அதே சமமான வெளிச்ச அளவில், 6,500 கெல்வின் விளக்கு இந்தச் செல்களை 3,000 கெல்வின் விளக்கைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு தூண்டும். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016ல் தெருவிளக்குகள் 3,000 கெல்வினுக்குள்ள இருக்கட்டும்னு சொன்னதுக்குப் பின்னால இருந்த கவலைகளில் இதுவும் ஒண்ணு.

இப்போ சத்திரத்துக்குத் திரும்பி வாங்க. பயணிக்கு இதனால பெருசா எதுவும் ஆகாது. பஸ் வந்ததும் ஏறிடுவார். ராத்திரி ஷிஃப்ட் பார்த்துட்டு விடியக்காலை வீட்டுக்குப் போய்ப் படுக்கிறவர் கதை வேற. ஷிஃப்ட் முழுக்க விழிப்பா இருக்கணும்னா வெளிச்சம் வேணும், ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு தூங்கணும்னா அதே வெளிச்சம் எதிரி. இதுக்கு ஒரே வரியில் பதில் கிடையாது. ஆராய்ச்சியாளர்களே இதில் முட்டி மோதிட்டுத்தான் இருக்காங்க. ராத்திரி ஷிஃப்ட் வேலையையே புற்றுநோய் உண்டாக்கக் கூடியதாக இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு முகமை 2007லயும் மறுபடி 2019லயும் வகைப்படுத்தியிருக்கு. குற்றவாளி விளக்கு மட்டும்னு யாரும் சொல்லலை. ஆனா இப்படிப்பட்ட வேலையில் இருக்கிறவங்க தலைக்கு மேல மாட்டுற விளக்கை, பகல் நேர இங்கிலாந்து அலுவலகத்தை வெச்சு "நலம் தரும்"னு விக்கிறது அநியாயம். (அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிற எங்க ஜாதியும் இதில் சேர்த்திதான். ஸ்கிரீனை டார்க் மோடில் வெச்சுட்டு, தலைக்கு மேல சுட்ட வெள்ளையில் பேனல் லைட்.)

நம்ம ஊர் ரசனையும் இதில் ஒரு கட்சி. கடையில் போய் வார்ம் ஒயிட் கேட்டுப் பாருங்க. "அது மஞ்சளா இருக்கும் சார், வெளிச்சம் பத்தாது"ம்பாங்க. மஞ்சள்னா குண்டு பல்பு, குண்டு பல்புன்னா வசதியில்லாத வீடு. டியூப்லைட் வந்தப்ப மனசில் ஏறின கணக்கு அது. லூமன் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

எல்.இ.டி.யால நிஜமாவே பணியிடத்தை மேம்படுத்த முடிஞ்ச இடம் ஒண்ணு இருக்கு, அதை யாரும் விளம்பரத்தில் போடறதில்லை: துடிப்பு. நம்ம மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய சோக் போட்ட டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, மூளைக்குத் தெரியும். வில்கின்ஸ் குழு 1989ல் அலுவலக ஊழியர்களிடம் பழைய சோக்குக்குப் பதிலா அதிவேக எலெக்ட்ரானிக் சோக்கை மாத்திப் பார்த்தப்ப தலைவலியும் கண்வலியும் பாதிக்கும் கீழே போச்சு. விளக்கு அதே டியூப்தான், ஓட்டுற சர்க்யூட்தான் வேற. எல்.இ.டி.க்கும் இதே கதைதான். உள்ள இருக்கிற டிரைவர் (பஸ் ஓட்டுறவர் இல்லை, மின்சாரத்தைச் சீராக்குற பெட்டி) நல்லதா இருந்தா துடிப்பே இருக்காது. மலிவானதில் பழைய டியூப்லைட்டைவிட மோசமாவும் இருக்கலாம், ஏன்னா எல்.இ.டி. உடனே அணையும் உடனே எரியும். டியூப்புக்குள்ள பூசின பாஸ்பரத்துக்காவது கொஞ்சம் மிச்சப் பளபளப்பு உண்டு. இதுக்கு லேப் வேண்டாம். போனை ஸ்லோ மோஷனில் வெச்சு விளக்கைப் படம் பிடிங்க, பட்டை பட்டையா ஓடினா துடிப்பு இருக்கு.

ஆயுளும் அதே பெட்டி கையில்தான். 50,000 மணி நேரம்னு போட்டிருக்கிறது சில்லுக்கான கணக்கு, வெளிச்சம் 70 சதவீதத்துக்கு இறங்குற வரைக்கும். ராத்திரிக்குப் பன்னிரண்டு மணி நேரம்னா பதினோரு வருஷம் வரணும். ஆனா டிரைவர்ல இருக்கிற கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு ஏறினா ஆயுள் பாதி. மே மாசத் திருச்சியில் தகரக் கூரைக்கு அடியில் அது என்ன பாடு படும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

பாதுகாப்பு பாதி உண்மைன்னேன். நியூயார்க்கில் அரசுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து விளக்குக் கோபுரம் வெச்சுப் பார்த்ததில் ராத்திரி நேர வெளிப்புறக் குற்றங்கள் மூணில் ஒரு பங்குக்கு மேல குறைஞ்சது. வெளிச்சம் உதவுது, சந்தேகமில்லை. ஆனா வெளிச்சம்னா லக்ஸ் மட்டும் இல்லை. மேலேர்ந்து ஹைமாஸ்ட் கண்ணில் குத்தினா அதுக்குப் பின்னால இருக்கிற தூணோட நிழல் இன்னும் இருட்டாத் தெரியும். கண்புரை ஆரம்பிச்ச அறுபது வயசுக்காரருக்கு அந்தக் கூச்சம் பல மடங்கு. தரையில் எவ்வளவு விழுதுன்னு அளந்துட்டுப் போயிடறோம். எதிர்ல வர்றவர் முகத்தில் எவ்வளவு விழுது, பஸ் பலகை படிக்க முடியுதா, ரிவர்ஸ் எடுக்கிற டிரைவர் கண்ணாடியில் என்ன தெரியுதுன்னு அளக்கிறது அபூர்வம்.

ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு விளக்கு வாங்குற கமிட்டியில் என்னை உட்கார வெச்சா (யாரும் வைக்க மாட்டாங்க) வாட் எவ்வளவுன்னு கடைசியாத்தான் கேப்பேன். நடைமேடைக்கு 3,000 கெல்வின், பல்பு நேராக் கண்ணில் படாத மூடி, துடிப்பு அளந்த சான்று, தனியாக் கழட்டி மாத்தக்கூடிய டிரைவர், ராத்திரி பதினொண்ணுக்கு மேல கூட்டம் குறையறப்ப ஆள் இல்லாத நடைமேடையில் வெளிச்சத்தைத் தணிக்கிற டைமர். டைமருக்கான வசதி எல்.இ.டி.க்குப் பிறவிக் குணம், சோடியம் விளக்கில் அது படு கஷ்டம். அப்புறம் மாதிரிக்கு நாலு விளக்கை மாட்டிட்டு ஒரு வாரம் விட்டு, பூ கட்டுற அம்மாகிட்டயும் டைம் கீப்பர்கிட்டயும் எது கண்ணில் குத்துதுன்னு கேட்டுட்டு, அதுக்கப்புறம் ஆர்டர் போடணும்.